கண்ணிவாரிக் கப்பல் ‘பெங்கால்’: ஒரு பணி வரலாறு

கிள்ளான் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டு, பிரிட்டிஷ் நிர்வாகி பிராங்க் சுவெட்டன்ஹமின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹம் என வழங்கிய துறைமுகம், சிலாங்கூரின் ரப்பரும் ஈயமும் வெளியேறிய வாயிலாக இருந்ததோடு, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய பல்லாயிரம் தமிழர்கள் மலாயா மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடங்களுள் ஒன்றாகவும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ‘ரஜூலா’, ‘ரோனா’ ஆகிய கப்பல்கள் டெக் பயணிகளாக ஏற்றிவந்தவர்கள் தோட்டங்களுக்கும், கிள்ளான் நகரக் கடைகளுக்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கும் பிரிந்து சென்றனர். அவர்கள் அனுப்பிய பணமும் கடிதங்களும் அதே கடல்வழியில் ஊர் திரும்பின. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கி, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரையும் பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரையும் கைப்பற்றியபோது அவ்வழி அடைபட்டு, மூன்றரை ஆண்டுகள் அடைபட்டே கிடந்தது.

வழி அடைபட்ட அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலில் நிகழ்ந்த போரில், அரச இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற சிறிய கப்பல் தனக்குரிய பணிக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு சண்டையால் பெயர் பெற்றது. கடற்கண்ணிகளை அகற்றுவதற்கென்று கட்டப்பட்ட அக்கப்பல், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வந்த இரண்டு ஜப்பானியத் தாக்குதல் கப்பல்களை 1942 நவம்பர் 11 அன்று தனியாக எதிர்கொண்டது. சண்டையை மட்டும் எடுத்துச் சொல்லும் வழக்கமான வரலாறு, அத்தகைய கப்பல் ஏன் கட்டப்பட்டது, அதன் அன்றாடப் பணி யாது, அப்பணி மலாயாக் கடலோரத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது ஆகிய கேள்விகளைத் தொடுவதில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ‘பெங்கால்’ கப்பலுக்கு உரிய இடம் எது என்பது விளங்கும்.

கண்ணியும் வாரியும்

கடற்கண்ணி என்பது கப்பல் வரும் வழியில் நீருக்கடியில் வைக்கப்படும் வெடிகலம் ஆகும். முதலாம் உலகப் போரில் பெருவழக்காக இருந்தது தொடுகண்ணி. உள்ளீடற்ற இரும்பு உருண்டையொன்று கடலடியில் கிடக்கும் எடையுடன் கம்பியால் பிணைக்கப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதந்துகொண்டிருக்கும். அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில் ஒன்றைக் கப்பல் இடித்து வளைத்தால் கண்ணி வெடிக்கும். 1914இல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கித் தமிழ்ப் பேச்சுவழக்கில் தன் பெயரையே ஒரு சொல்லாக விட்டுச்சென்ற ‘எம்டன்’ எல்லோருக்கும் தெரிந்திருக்க, 1917இல் பம்பாய்க்கும் கொழும்புக்கும் வெளியே ஓசையின்றிக் கண்ணிகளை இட்டுச்சென்று கப்பல்களை மூழ்கடித்த ‘வோல்ஃப்’ என்ற மற்றொரு ஜெர்மானியக் கப்பலைத் தமிழ்நாட்டில் நினைவுகூர்வோர் அரிது. ஆனால் துறைமுக வாயிலைக் காப்பதற்குத் தனிவகைக் கப்பல்கள் தேவை என்ற பாடத்தை இந்தியக் கரையோரத்துக்குக் கற்பித்தது ‘வோல்ஃப்’ தான்.

அத்தனிவகைக் கப்பலே தமிழில் கண்ணிவாரி எனப்படுகிறது. அது தன் பின்புறத்தில் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு செல்லும்; நீரின் விசையால் பக்கவாட்டில் ஒதுங்கும் பலகையொன்று கம்பியை அகல விரித்துப் பிடிக்க, மற்றொரு பலகை அதைக் குறிப்பிட்ட ஆழத்தில் அழுத்தி வைத்திருக்க, ஒரு மிதவை கம்பியின் முனை எங்குள்ளது என்பதைக் காட்டிக்கொண்டு வரும். கண்ணியைப் பிணைத்திருக்கும் கம்பி இதில் சிக்கி அறுபடும்போது கண்ணி மேலே மிதந்து வர, அதைத் துப்பாக்கியால் சுட்டு அழிப்பர் அல்லது மூழ்கடிப்பர். இம்முறை, அது முதலில் சோதிக்கப்பட்ட மீன்பிடிக் கப்பலின் பெயரால் ‘ஓரோபெசா’ முறை எனப்பட்டது.

1939 நவம்பரில் இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரச் சேற்றில் சிக்கிக் கிடைத்த ஜெர்மானியக் காந்தக் கண்ணி இந்தக் கணக்கை மாற்றியது. அவ்வகைக் கண்ணி மிதப்பதில்லை. கடலடியில் படிந்து கிடந்து, மேலே செல்லும் இரும்புக் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிப்பதால், அறுப்பதற்குக் கம்பியே அதில் இல்லை. இரண்டு கப்பல்கள் இணையாகச் சென்று, மிதக்கும் மின்கம்பிகளைப் பின்னால் இழுத்து, விட்டு விட்டு மின்சாரம் பாய்ச்சிச் செயற்கைக் காந்தப்புலத்தை உண்டாக்கிக் கண்ணியை முன்கூட்டியே வெடிக்கச் செய்வது இதற்கு மாற்றாகக் கண்டறியப்பட்டது. சில கண்ணிகளில் முதலில் செல்லும் சில கப்பல்களை விட்டுவிட்டு அதன்பின் வருவதை வெடிக்கச் செய்யும் எண்ணுபொறியும் இருந்ததால், ஒரே பாதையைப் பலமுறை வாரினால்தான் அது பாதுகாப்பானது என்று சொல்ல முடிந்தது. இப்பணியில் வெற்றி என்பது எதுவும் நிகழாமல் இருப்பதே. ஒரு துறைமுக வாயிலில் ஓராண்டு முழுவதும் ஒரு கப்பலும் வெடிக்கவில்லை என்றால் அதுவே கண்ணிவாரியின் சாதனை. நிகழாதவற்றைப் பதிவேடுகள் அரிதாகவே குறித்து வைப்பதால், இவ்வகைக் கப்பல்களின் வரலாறு மெலிந்தே காணப்படுகிறது.

சிட்னியில் பிறந்த இந்தியக் கப்பல்

1934இல் அப்பெயரைப் பெற்ற அரச இந்தியக் கடற்படை, 1939இல் போர் தொடங்கியபோது இரண்டாயிரம் பேரைக்கூட எட்டாத சிறு படையாக இருந்து, போர் முடிவதற்குள் ஏறத்தாழ 30,000 பேரைக் கொண்டதாக விரிந்தது. சென்னையில் ‘அடையார்’ என்ற பெயரில் அதற்கொரு கடற்படைத் தளமும் அமைந்தது. ஆட்கள் பெருகிய வேகத்தில் கப்பல்கள் கிடைக்கவில்லை. இந்தியக் கப்பல்கட்டுத் துறைகள் சிறியவை, பிரிட்டனின் துறைகளோ தமக்கே போதாத நிலையில் இருந்தன. ஆகவே ஆஸ்திரேலியாவில் அப்போது கட்டப்பட்டு வந்த ‘பாதர்ஸ்ட்’ வகைக் கப்பல்களில் நான்கு, இந்தியக் கடற்படைக்கென ஒதுக்கப்பட்டு, ‘பஞ்சாப்’, ‘பம்பாய்’, ‘மெட்ராஸ்’, ‘பெங்கால்’ என மாகாணங்களின் பெயரைப் பெற்றன.

மொத்தம் 60 கட்டப்பட்ட இவ்வகைக் கப்பல்கள், பெரிய கப்பல்களைக் கட்டியறியாத சிறு பட்டறைகளும் கட்டக்கூடிய எளிமையுடன் வடிவமைக்கப்பட்டவை. 57 மீட்டர் நீளமும், ஏறத்தாழ 650 டன் எடையும், மணிக்கு 15 கடல்மைல் வேகமும் கொண்டு, கண்ணி வாருதல், நீர்மூழ்கியைத் தேடுதல், வணிகக் கப்பல்களுக்குத் துணைசெல்லுதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒன்றே செய்யவேண்டும் என்பது அவற்றின் நோக்கம். இவ்வகையைச் சேர்ந்த ஆஸ்திரேலியக் கப்பல்கள் சில, மலாயாவில் போர் மூண்ட நாட்களில் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு பணியாற்றியுமிருந்தன. இந்தியாவுக்கான நான்கில் ஒன்றாகிய ‘பம்பாய்’, 1942 மே 31 இரவு ஜப்பானியச் சிறு நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துள் புகுந்து தாக்கியபோது அங்கேயே நின்றிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் சிட்னியின் காக்கட்டூ தீவுப் பட்டறையில் நீரில் இறக்கப்பட்ட ‘பெங்கால்’, அவ்வாண்டு ஆகஸ்டில் பணியில் சேர்க்கப்பட்டது. கடற்படைச் சேமப்பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன் அதன் தலைவராக அமர, மாலுமிகள் இந்தியர்களாக இருந்தனர். கப்பலின் முன்தளத்தில் 76 மில்லிமீட்டர் வாயுடைய பீரங்கி ஒன்று மட்டுமே பொருத்தப்பட்டிருந்தது. விமானங்களைச் சுடுவதற்கான 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் சில அதற்குத் துணையாக இருந்தன.

சிங்கப்பூரிலிருந்து வந்தவை

நாட்டுப்பற்று என்று பொருள்படும் ‘ஐகோகு மாரு’, நாட்டுக்குச் செய்யும் கைம்மாறு என்று பொருள்படும் ‘ஹோகோகு மாரு’ ஆகிய இரண்டும், பயணிகளையும் சரக்கையும் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டுப் பின் போருக்காக மாற்றியமைக்கப்பட்ட கப்பல்கள். ஒவ்வொன்றும் 10,400 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவும், 140 மில்லிமீட்டர் பீரங்கிகள் எட்டும், நீர்மூழ்கிக்குண்டுக் குழாய்களும், கடல்விமானங்களும், 21 கடல்மைல் வேகமும் கொண்டிருந்தது. வணிகக் கப்பல் போன்ற தோற்றத்தில் அருகே வந்து, திடீரென்று தாக்கும் இத்தகையவை தாக்குதல் துணைக்கப்பல்கள் எனப்பட்டன. 1942இன் நடுப்பகுதியில் இவ்விரண்டும் ஆப்பிரிக்கக் கரையோரம் வரை சென்று ஜப்பானிய நீர்மூழ்கிகளுக்கு எரிபொருளும் உணவும் வழங்கியதோடு, ‘எலிசியா’ என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தாக்கி அழித்தன. ‘ஜெனோட்டா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும் ‘ஹௌராக்கி’ என்ற நியூசிலாந்துக் கப்பலையும் சிறைபிடித்தன. அந்நீர்மூழ்கிகள் திரும்பி வந்து சேர்ந்த துறைமுகம் பினாங்கு ஆகும். தமிழர்கள் வந்திறங்கிய மலாயாவின் இரு பெருந்துறைகளாகிய பினாங்கும் சிங்கப்பூரும், இவ்வாறு அதே கடல்வழியை அறுப்பதற்கான தளங்களாக மாறியிருந்தன.

இந்நிலையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்திலிருந்து ஷெல் நிறுவனத்தைச் சார்ந்த டச்சு எண்ணெய்க் கப்பல் ‘ஓண்டினா’, ஈரானின் அபாதானுக்கு எண்ணெய் நிரப்பச் செல்வதற்காக வெறுந்தொட்டிகளுடன் 1942 நவம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டது; இந்தியா நோக்கி வந்துகொண்டிருந்த ‘பெங்கால்’ அதற்குத் துணையாகச் சென்றது. இரண்டும் டியாகோ கார்சியா தீவை நோக்கி மேற்கே சென்றுகொண்டிருந்த அதே நாட்களில், ஜப்பானியக் கப்பல்கள் இரண்டும் சிங்கப்பூரிலிருந்து சுந்தா நீரிணை வழியாகத் தெற்கே இறங்கின.

நவம்பர் 11

கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 950 கிலோமீட்டரில், கிள்ளானிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தெற்கே, நவம்பர் 11 அன்று நண்பகலுக்குச் சற்றுமுன் இரு தரப்பும் எதிர்ப்பட்டன. 1914 நவம்பர் 9 அன்று ‘எம்டன்’ தன் முடிவைச் சந்தித்ததும் இதே கொக்கோஸ் தீவுகளை ஒட்டியே என்பதால், இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் அக்கடற்பகுதி மீண்டும் ஒரு தாக்குதல் கப்பலின் கதையில் இடம்பெற்றது. ஆனால் ‘எம்டன்’ தன்னினும் பெரிய போர்க்கப்பலான ‘சிட்னி’யிடம் வீழ்ந்தது, இங்கோ நிலைமை தலைகீழாக இருந்தது. 140 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டு 38 கிலோ எடையுள்ளது. ‘பெங்கால்’ கப்பலின் குண்டோ ஆறு கிலோவைக்கூட எட்டாதது. வேகத்திலும் எண்ணிக்கையிலும் குண்டின் எடையிலும் ஒப்பிட முடியாத எதிரிகளைக் கண்ட வில்சன், ‘ஓண்டினா’வைத் தனியே தப்பிச் செல்லும்படி பணித்துவிட்டு, தம் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். எண்ணெய்க் கப்பல் விலகிச் செல்வதற்குச் சிறிது நேரம் தேடித் தருவதே அதன் நோக்கமாக இருந்திருக்க முடியும். வெல்வதற்கு வழி ஏதும் இருந்ததாகக் கணக்கிட முடியாது.

வில்லெம் ஹோர்ஸ்மன் தலைமையிலான ‘ஓண்டினா’ ஓடி ஒளியவில்லை. தன் பின்தளத்திலிருந்த 102 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றையும், கைவசமிருந்த முப்பத்துச் சொச்சம் குண்டுகளையும் கொண்டு அதுவும் சுடத் தொடங்கியது. இரண்டு சிறு பீரங்கிகளின் குண்டுகள் ‘ஹோகோகு மாரு’ மீது விழுந்துகொண்டிருந்தபோது, ஒரு குண்டு அதன் வலப்புறத்தில் நீர்மூழ்கிக்குண்டுகள் வைக்கப்பட்டிருந்த பகுதியைத் தாக்கியது. வெடிப்பும் தீயும் பரவி வெடிமருந்து அறையை எட்ட, சண்டை தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் அக்கப்பல் மூழ்கியது; அதிலிருந்த ஏறத்தாழ 350 பேரில் 76 பேர் இறந்தனர்.

எஞ்சிய ‘ஐகோகு மாரு’ சண்டையைத் தொடர்ந்தது. குண்டுகள் தீர்ந்துபோக, சேதமடைந்த ‘பெங்கால்’ புகைத்திரை விரித்து விலகிச் சென்று, பின்னர் டியாகோ கார்சியாவை அடைந்தது. குண்டுகள் தீர்ந்த ‘ஓண்டினா’வின் தலைவர் கப்பலைக் கைவிடும்படி ஆணையிட்டபின், தாமே மேடையில் குண்டடிபட்டு உயிரிழந்தார், படகுகளில் இறங்கியவர்கள் மீதும் ஜப்பானியக் கப்பல் சுட்டதில் மேலும் சிலர் மாண்டனர். நீர்மூழ்கிக்குண்டுகள் இரண்டு பாய்ந்து ஒருபுறமாகச் சாய்ந்த எண்ணெய்க் கப்பல், வெறுந்தொட்டிகளின் மிதப்பாற்றலால் மூழ்காமல் நின்றது. ‘ஐகோகு மாரு’ தன் துணைக்கப்பலின் ஆட்களை மீட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்பியதும், படகுகளில் இருந்தவர்கள் மீண்டும் கப்பலில் ஏறி, தீயை அணைத்து, சாய்வை நிமிர்த்தி, நவம்பர் 18 அன்று பிரிமாண்டிலுக்கே திரும்பி வந்து சேர்ந்தனர்.

யாருடைய குண்டு

இச்சண்டை பற்றிய வாதம் ‘ஹோகோகு மாரு’வை அழித்த குண்டு எக்கப்பலுடையது என்பதையே சுற்றி வந்துள்ளது. அன்றைய பிரிட்டிஷ் இந்திய அறிவிப்புகளும், அவற்றைப் பின்பற்றிய இந்தியக் கடற்படை மரபும் அப்பெருமையைப் ‘பெங்கால்’ கப்பலுக்கே அளிக்கின்றன. வில்சனுக்குச் சிறப்புப் பணிக்கான டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது. டச்சு நூல்களும் பிற்கால ஆய்வாளர் பலரும் ‘ஓண்டினா’வின் பின்தளப் பீரங்கியையே காரணமாகக் காட்டுகின்றனர். குழப்பத்துக்குக் காரணம் சண்டையின் அமைப்பிலேயே இருந்தது. ‘பெங்கால்’ விலகிச் சென்றபோது ‘ஓண்டினா’ அழிந்துவிட்டதென்றே கருதி அவ்வாறே அறிவித்தது. அது மூழ்கிவிடும் என்று கருதியே ‘ஐகோகு மாரு’வும் அகன்றது. புகைக்குள் நடந்த சண்டையின் முழு வடிவத்தைப் பார்த்தவர் எவருமில்லை.

குண்டுகளின் எடையையும் பீரங்கிகளின் ஆற்றலையும் வைத்துப் பார்த்தால், ‘ஓண்டினா’வின் 102 மில்லிமீட்டர் குண்டே அதனைச் செய்திருக்கும் என்ற முடிவு வலுவானது. ஆனால் அம்முடிவு ‘பெங்கால்’ கப்பலின் மதிப்பைக் குறைப்பதில்லை. இரண்டு எதிரிகளின் கவனத்தையும் தன் பக்கம் இழுத்து, எண்ணெய்க் கப்பலின் ஒற்றைப் பீரங்கி குறிவைப்பதற்குத் தேவையான நிமிடங்களைத் தந்தது அதுவே. துணைக்கப்பலின் கடமை எதிரியை அழிப்பதன்று, தான் துணைசெல்லும் கப்பலைக் காப்பதே. அளவுகோலை அதற்கேற்ப வைத்தால், ‘ஓண்டினா’ துறைமுகம் திரும்பியது என்ற செய்தியே ‘பெங்கால்’ கப்பலுக்கான சான்று. அச்சண்டைக்குப் பின் ஜப்பான், ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பல்களை இந்தியப் பெருங்கடலில் வேட்டைக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. 1944 மார்ச்சில் ‘பெஹார்’ என்ற கப்பலை மூழ்கடித்தது முறையான போர்க்கப்பல். ‘ஐகோகு மாரு’வும், சிறைபிடிக்கப்பட்டு ‘ஹோகி மாரு’ எனப் பெயர் மாற்றப்பட்டிருந்த ‘ஹௌராக்கி’யும், 1944 பிப்ரவரியில் பசிபிக்கின் டிரக் தீவுக் காயலில் அமெரிக்க விமானங்களால் ஒருசேர அழிந்தன.

மலாக்கா நீரிணையை வாரிய கோடை

கண்ணிவாரிகளின் உரிய பணி மலாயாக் கடலோரத்துக்கு வந்தது போரின் கடைசி மாதங்களில்தான். 1944 அக்டோபர் இறுதியில் வங்காளத்திலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானங்கள் பினாங்குத் துறைமுக வாயிலில் கண்ணிகளைப் போட்டு, அங்கிருந்த நீர்மூழ்கித் தளத்தை முடக்கத் தொடங்கின. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. கிள்ளானை ஒட்டிய கால்வாய்கள் சேறும் சதுப்புமாக இன்னும் ஆழம் குறைந்தவை. கடலடியில் படிந்து கிடக்கும் காந்தக் கண்ணிக்கு இவ்வியல்பு மிகவும் ஏற்றது. வானிலிருந்தும் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. 1945 மார்ச் 10 அன்று கோலாலம்பூரின் ரயில்வே பணிமனைகளைக் குறிவைத்த அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுகளில், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்திலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் சிதைந்தது.

மலாயாவை மீட்பதற்கான ‘ஜிப்பர்’ திட்டத்தில், கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையும் போர்ட் சுவெட்டன்ஹமும் தரையிறங்கும் இடங்களாகக் குறிக்கப்பட்டதால், நீரிணையின் வடவாயிலிலிருந்து பாதையைத் துப்புரவு செய்யவேண்டியிருந்தது. 1945 ஜூலை 24 முதல் 26 வரை பூக்கெட் தீவுக்கு வெளியே நடந்த வாரும் பணியில் 24 கண்ணிகள் அகற்றப்பட்டன. அதற்குரிய விலையாக, முதல் நாளில் ‘ஸ்குவிரல்’ என்ற பிரிட்டிஷ் கண்ணிவாரி கண்ணியிலேயே சிக்கி அழிய, மூன்றாம் நாளில் ‘வெஸ்டல்’ என்ற மற்றொரு கண்ணிவாரி ஜப்பானிய உயிர்க்கொடை விமானம் மோதி வீழ்ந்தது. பிரிட்டிஷ் கடற்படை அவ்வகைத் தாக்குதலில் இழந்த கடைசிக் கப்பல் அதுவே. ஜப்பான் சரணடைவதற்கு அப்போது மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன.

சரணடைவு அறிவிக்கப்பட்டாலும் கண்ணிகள் சரணடைவதில்லை என்பதால், வாருதல் நின்றுவிடவில்லை. ஜப்பானியர் இட்டவற்றையும் நேசநாட்டினர் தாமே இட்டவற்றையும் சேர்த்தே வாரிய பின்னரே பெருங்கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்தன. செப்டம்பர் 9 அன்று 25ஆம் இந்தியப் படைப்பிரிவு மோரிப்பில் இறங்கியபோது எதிர்ப்பே இல்லாதிருந்தும், வண்டிகள் பல கடற்கரைச் சேற்றில் புதைந்து நின்றன. கிள்ளான் வழியாகக் கோலாலம்பூரை அடைந்த அப்படையின் முன்னிலையில், செப்டம்பர் 13 அன்று விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானிய 29ஆம் படையின் தளபதி முறைப்படி சரணடைந்தார்.

பின்னாளில்

அரச இந்தியக் கடற்படையின் மாலுமிகள் 1946 பிப்ரவரியில் பம்பாயில் தொடங்கிய கிளர்ச்சி பல துறைமுகங்களுக்கும் பரவி, பிரிட்டிஷ் ஆட்சியின் இறுதி நாட்களின் அடையாளமாயிற்று. போரில் பங்கேற்றோரின் வீரம் அயலாட்சியின் வெற்றிக்கு உதவியது என்ற சங்கடத்தால், விடுதலைக்குப் பின் அவர்களது வரலாறு பல ஆண்டுகள் ஓரத்தில் கிடந்தது. மலாயாத் தமிழரின் நினைவிலும் அதற்கு இடமில்லாமற் போனதில் வியப்பில்லை. சயாம் மரண ரயிலும், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும், பட்டினியும் அக்காலத்தை நிறைத்திருந்தன. இந்தியா குடியரசான பின் ஐ.என்.எஸ். என்னும் முன்னொட்டைப் பெற்ற ‘பெங்கால்’, 1960இல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று.

நாகப்பட்டினத்து வழியில் ஓடிய இரு கப்பல்களில் ‘ரோனா’, படையேற்றிச் சென்றபோது 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. போரைக் கடந்து வந்த ‘ரஜூலா’ மட்டும், வாரித் துப்புரவாக்கப்பட்ட அந்நீரிணை வழியே சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்ற பழைய வரிசையில் மீண்டும் ஓடி, 1973இல் கைமாறும் வரை தமிழர்களை ஏற்றியிறக்கிக்கொண்டிருந்தது.